சாலையில் கிடந்த குண்டுகள்: மரண இருளின் பள்ளத்தாக்கு, 1855

முக்காலியை நகர்த்தாமல் எடுத்த இரண்டு படங்கள். இரண்டிலும் ஒரே வறண்ட பள்ளத்தாக்கு. மரமில்லை, ஆளில்லை. ஒரு மண்சாலை முன்பக்கத்தில் தொடங்கி, வளைந்து, மேட்டில் ஏறி மறைகிறது. வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. ஒரு படத்தில் சாலை காலி. பீரங்கிக் குண்டுகள் எல்லாம் இடப்பக்கப் பள்ளத்திலும் சரிவிலும் கிடக்கின்றன. மற்றதில் சாலையின் மேலேயே குண்டுகள் சிதறிக் கிடக்கின்றன.

இரண்டையும் எடுத்தவர் ரோஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர். பிரிட்டனும் பிரான்ஸும் ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போரின்போது, முற்றுகையில் இருந்த செவஸ்தபோல் நகரத்துக்கு வெளியே, 1855 ஏப்ரலில் எடுத்தார். உலகம் அறிந்தது சாலையில் குண்டுகள் கிடக்கும் படத்தைத்தான். போர் நிலத்தைப் பற்றிப் பேசும் எந்தப் புகைப்பட வரலாற்றிலும் அது வந்துவிடும். பிணம் இல்லை, காயம் இல்லை, கொடி இல்லை. ஆனாலும் அதைப் பார்ப்பவருக்கு அங்கே என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எது முதலில் எடுத்தது, எது இரண்டாவது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது. கேட்கும்போது சின்னக் கேள்வியாகத் தெரியும். ஆனால் ஒரு நிலக்காட்சிப் படத்தில் எதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் வழக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை.

போனவர் யார், எதற்காகப் போனார்

ஃபென்டன் 1819இல் பிறந்தவர். சட்டம் படித்தார், ஓவியம் பயின்றார், பிறகு புகைப்படத்துக்கு வந்தார். 1853இல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் செயலாளர் அவர்தான். கிரிமியாவுக்கு அவரை அனுப்பியது மான்செஸ்டரைச் சேர்ந்த ஆக்னியூ என்ற படப் பதிப்பு நிறுவனம். அரண்மனையின் ஆதரவும் அறிமுகக் கடிதங்களும் கையில் இருந்தன. 1855 மார்ச்சில் பாலக்லாவா துறைமுகத்தில் இறங்கினார். கூடவே மார்க்கஸ் ஸ்பார்லிங் என்ற உதவியாளர், ஐந்து கேமராக்கள், சுமார் 700 கண்ணாடித் தகடுகள், ஒரு வேன். மது வியாபாரி ஒருவரிடம் வாங்கிய குதிரை வண்டி அது. அதைத்தான் நடமாடும் இருட்டறையாக மாற்றியிருந்தார். ஜூன் மாதம் காலராவோடு ஊர் திரும்பும்போது அவரிடம் ஏறத்தாழ 360 படங்கள் இருந்தன.

அவர் கொண்டுபோன தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் படங்களைப் படிக்க முடியாது. 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை அது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு கேமராவுக்கு ஓட வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, திரும்ப வேனுக்கு ஓடி, அதே ஈரத்தில் உருவேற்ற வேண்டும். காய்ந்தால் தகடு வீண். கிரிமியாவின் வெயிலில் வேனுக்குள் நிற்பதே பெரும்பாடு. எக்ஸ்போஷர், அதாவது தகட்டில் ஒளி படும் நேரம், பல விநாடிகள் நீளும். ஓடுகிற குதிரையோ வெடிக்கிற குண்டோ தகட்டில் பதியவே பதியாது.

அதனால் சண்டையை எடுக்க வழியில்லை. அசையாமல் நிற்கும் அதிகாரி, கூடாரம், துறைமுகம், நிலம் இவ்வளவுதான் கிடைக்கும். போர் நடந்த நிலத்தைப் படமெடுப்பது என்ற வகை இங்கே கலைத் தேர்வாகப் பிறக்கவில்லை. வேதியியல் போட்ட கட்டுப்பாட்டில் பிறந்தது. அந்த வெள்ளை வானமும் அப்படித்தான். கொலோடியனுக்கு நீல நிறத்தில் அபார உணர்திறன் உண்டு. தரையைச் சரியாக எடுத்தால் வானம் மிகையாக ஒளிபட்டு மேகமெல்லாம் அழிந்துவிடும். கைவிடப்பட்ட உலகம் மாதிரி நமக்குத் தோன்றும் அந்த வெறுமையில் பாதி, வெள்ளி உப்பின் குணம்.

பிணங்களை அவர் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு இவ்வளவு எளிதான பதில் இல்லை. பிணம் அசையாது, எடுத்திருக்கலாம். அழுகிக் கிடந்த உடல்களைப் பார்த்ததாக அவரே கடிதங்களில் எழுதியிருக்கிறார். ஆனால் படங்கள் விற்பனைக்கானவை. வாங்கப்போவது வசதியான வீடுகள், அரச குடும்பம். டைம்ஸ் நாளிதழில் வில்லியம் ஹவர்ட் ரஸ்ஸல் எழுதிய செய்திகளால் படையின் சீர்கேடு ஏற்கெனவே இங்கிலாந்தைக் கொதிக்க வைத்திருந்த நேரம் அது. பள்ளத்தாக்குப் படத்தில் உடல்களுக்குப் பதிலாகக் குண்டுகள் கிடப்பதற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 23

அன்று கிளம்பும் முன் ஸ்பார்லிங் ஒரு யோசனை சொன்னார். போகிற இடத்தில் வண்டியும் வண்டியோட்டியும் திரும்பி வராமலே போகலாம். எதற்கும் இரண்டையும் ஒரு படம் எடுத்துவிடலாமே என்றார். ஃபென்டன் எடுத்தார். வேனின் முன்பலகையில் ஸ்பார்லிங் உட்கார்ந்திருக்கும் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. இதை வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருக்கலாம், ஆனால் பயம் பொய்யில்லை. ரஷ்யப் பீரங்கிகளுக்கு வெளிறிய நிறத்தில் ஓர் உயரமான வண்டி நல்ல குறி.

அடுத்த நாள் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஃபென்டன் நடந்ததைச் சொல்கிறார். பள்ளத்தாக்கின் அடியில் குண்டுகள் ஓர் ஓடை போலக் கிடந்தன. மிதிக்காமல் நடக்க முடியவில்லை. அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்த இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கியதும் எதிரே புழுதி கிளம்பியது, ஒரு குண்டு துள்ளித் துள்ளி வந்து பக்கத்தில் திரும்பிப் போனது. அதே தடத்தில் இன்னொன்று. நேராகக் குறிக்குள்ளேயே நிற்கிறோம் என்பது புரிந்ததும், மனமில்லாமல், சுமார் நூறு கஜம் முன்னாலேயே நின்றுகொண்டார். கேமராவை மட்டம் பார்க்கும்போது மூன்றாவது குண்டு பக்கத்து மேட்டில் ஏறி, உருண்டு இறங்கி, காலடியில் வந்து நின்றது. ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தார்கள். இரண்டு நல்ல படங்கள் கிடைத்தன.

இரண்டு நல்ல படங்கள் என்ற எண்ணிக்கை இருக்கிறது. எது முன், எது பின் என்று ஒரு சொல் இல்லை. சாலையில் குண்டுகளை யாராவது வைத்தார்களா, எடுத்தார்களா என்பதைப் பற்றியும் ஒன்றும் இல்லை.

குற்றச்சாட்டு

ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இரண்டாவது தகடு ஒன்று இருப்பது ஆராய்ச்சியாளர்கள் பார்வைக்கு வந்த பிறகுதான் சந்தேகம் எழுந்தது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 2003இல் தன் புத்தகத்தில் தயக்கமில்லாமல் எழுதினார்: முதலில் எடுத்த படத்தில் சாலை காலி, அடுத்ததற்கு முன் ஃபென்டன் நின்று குண்டுகளைச் சாலையில் பரப்ப வைத்தார். அவருக்கு முன்பே கலை வரலாற்றாளர் உல்ரிச் கெல்லரும் இதே முடிவைச் சொல்லியிருந்தார். ஆபத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தார் என்பது அவர் வாதம்.

எதிர்வாதமும் இருந்தது. விழுந்த குண்டுகளைப் படைவீரர்கள் பொறுக்கித் திருப்பிச் சுடப் பயன்படுத்துவது நடந்த விஷயம். அப்படியானால் குண்டுகள் நிறைந்த சாலைதான் முதல் படம். ஃபென்டன் இரண்டாவது தகட்டைத் தயார் செய்வதற்குள் வீரர்கள் வந்து சாலையைச் சுத்தம் செய்துவிட்டார்கள். இதுவும் நம்பக்கூடிய கதைதான்.

இரண்டு தரப்பும் உண்மையில் பேசிக்கொண்டிருந்தது நிலத்தைப் பற்றி அல்ல, ஃபென்டனின் மனத்தைப் பற்றி. அவர் பயந்தவரா, நேர்மையானவரா, வியாபாரியா? ஆளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, அந்த முடிவை வைத்துப் படங்களை வரிசைப்படுத்தினார்கள். ஆவணப்பட இயக்குநர் எரல் மோரிஸுக்கு இந்த இடம்தான் உறுத்தியது. சொன்டாக்குக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டார். 2007இல் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு கிரிமியாவுக்கே போனார்.

நிழல் பேசவில்லை, கல் பேசியது

மோரிஸ் முதலில் நம்பியது நிழல்களை. குண்டு உருண்டை வடிவம்; அதன் மேல் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எந்தப் பக்கம் நீள்கிறது என்பதை இரண்டு படங்களிலும் ஒப்பிட்டால் சூரியன் நகர்ந்த திசை தெரியும். அதற்குக் கேமரா எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று தெரிய வேண்டும். ஃபென்டன் நின்ற இடத்தைத் தேடிப் பிடித்தார். அங்கே ஒரு பழைய பீரங்கிக் குண்டை வைத்து நிழல் விழும் விதத்தைப் பார்த்தார். அவ்வளவு மெனக்கெட்டும் உறுதியான பதில் வரவில்லை. அதே நிழல்களைப் படித்த வெவ்வேறு வல்லுநர்கள் எதிரெதிரான முடிவுக்கு வந்தார்கள். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த, 150 வருடம் பழைய பிரிண்டில் நிழலின் ஓரத்தை அளப்பது லேசான வேலையில்லை.

பதில் டென்னிஸ் பர்செல் என்ற ஒளியியல் பொறியாளரிடமிருந்து வந்தது. இரண்டு படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர், குண்டுகளை விட்டுவிட்டுச் சரிவில் இருந்த சின்னக் கற்களைக் கவனித்தார். சில கற்கள் இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில் இல்லை. அடையாளத்துக்காக அவற்றுக்குப் பெயர்கள்கூட வைத்தார்கள்: ஃபிரெட், ஜார்ஜ், லயனெல், மார்மடூக், ஆஸ்வால்ட். சாலை காலியாக இருக்கும் படத்தில் இந்தக் கற்கள் சரிவில் மேலே இருக்கின்றன. சாலையில் குண்டுகள் இருக்கும் படத்தில் எல்லாமே கீழே இறங்கியிருக்கின்றன.

காலில் இடறிய கல் சரிவில் கீழேதான் வரும். ஒரு கல்லை யாராவது எடுத்து மேலே வைக்கலாம் என்று வாதிடலாம். ஆனால் யார் கண்ணிலும் படாத ஐந்து கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைக்க எவருக்கும் காரணம் கிடையாது. எனவே கற்கள் மேலே இருக்கும் படம் முந்தையது. சாலை காலியாக இருந்ததுதான் முதலில். குண்டுகள் பிறகு சாலைக்கு வந்தன. அந்தச் சரிவில் நடந்து, குனிந்து, குண்டுகளைத் தூக்கியவர்களின் கால்கள் கற்களைத் தட்டிவிட்டன.

எனக்கு இந்த இடம் சலிக்கவே இல்லை. படத்தின் கருப்பொருளாக ஃபென்டன் நினைத்தது குண்டுகளை. பார்த்தவர்கள் வாதிட்டது குண்டுகளைப் பற்றி. உண்மையைச் சொன்னது, எவரும் கருப்பொருள் என்று நினைக்காத கற்கள். அவற்றை யாரும் அடுக்கவில்லை, அதனால்தான் அவற்றை நம்ப முடிகிறது.

எது தெளிவானது, எது ஆகவில்லை

வரிசை தெளிவாகிவிட்டது. சொன்டாக் சொன்ன வரிசை சரியாகத்தான் இருந்தது. அவர் அதற்கு வந்த வழிதான் ஊகம்.

ஆனால் யார் கை என்பது தெளிவாகவில்லை. ஃபென்டன் சொல்லி வைத்திருக்கலாம். ஸ்பார்லிங் செய்திருக்கலாம். குண்டு பொறுக்க வந்த வீரர்கள் பள்ளத்திலிருந்து எடுத்துச் சாலையில் போட்டுவிட்டு, பிறகு வண்டியில் ஏற்ற நினைத்திருக்கலாம். 24 பவுண்டுக் குண்டு என்றால் சுமார் 11 கிலோ. பள்ளத்திலிருந்து அதை நேராக வண்டிக்குத் தூக்குவதைவிட முதலில் சாலையில் சேர்ப்பதுதான் சுலபம். நேரம் இருந்ததா என்றால், இருந்தது. முதல் தகட்டை உருவேற்றி அடுத்ததைத் தயாரிப்பதற்குள் கேமராவின் முன்னால் இருக்கும் நிலம் கொஞ்ச நேரம் கவனிப்பாரில்லாமல் கிடந்திருக்கும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஃபென்டனின் பக்கமே விரல் நீளுகிறது. ஓவியம் படித்த கண் அவருடையது. காலியான சாலை படத்தின் நடுவில் ஒரு வெற்றிடமாகக் கிடக்கிறது. குண்டுகள் வந்ததும் சாலையே பேச ஆரம்பிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் எது வலுவான படம் என்பதில் சந்தேகம் வராது. ஆனால் இது அபிப்பிராயம். கற்கள் இவ்வளவு தூரம் வரவில்லை, நானும் அவற்றின் பெயரால் இதைச் சொல்லக் கூடாது.

அப்படி அவர்தான் வைத்தார் என்றால் அது பொய்ப் படமா? அந்தக் குண்டுகள் அங்கே விழுந்தவை, வேறிடத்திலிருந்து கொண்டுவந்தவை அல்ல. மிதிக்காமல் நடக்க முடியாத அளவுக்குப் பள்ளத்தாக்கு முழுக்கக் கிடந்தவை. சில அடி தூரம் நகர்ந்திருக்கின்றன. அந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டால் இரண்டாவது படம் அதிகம் உண்மை சொல்கிறது என்றுகூட ஒருவர் வாதிடலாம். அந்த நாளில் அந்தச் சாலையில் என்ன கிடந்தது என்று கேட்டால் முதல் படம்தான் உண்மை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒரு படத்தை நினைவாக வைத்துக்கொள்வதற்கும் ஆதாரமாக முன்வைப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அந்தச் சில அடிகள்தான்.

நகர்ந்தது குண்டாக இல்லாதபோது

இதே தொழில் மூன்று ஆண்டுகள் கழித்து லக்னோவுக்கு வந்தது. ஃபென்டன் கிளம்பிய பிறகு, செவஸ்தபோல் விழுந்த சமயத்தில், கிரிமியாவில் ஜேம்ஸ் ராபர்ட்சனோடு படமெடுத்த பெலிச்சே பியாட்டோ 1858இல் இந்தியா வந்தார். முந்தைய நவம்பரில், 1857 கிளர்ச்சியை அடக்க வந்த பிரிட்டிஷ் படையிடம், லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் ஏறத்தாழ 2,000 சிப்பாய்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். பியாட்டோவின் படத்தில் குண்டு துளைத்த மாளிகை பின்னால் நிற்கிறது, சில ஆட்கள் நிற்கிறார்கள், ஒரு குதிரை நிற்கிறது. முன்தரை முழுக்க மண்டையோடுகளும் எலும்புகளும். சண்டை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. உடல்கள் மண்ணால் மூடப்பட்டிருந்தன என்றும், படமெடுப்பதற்காக அவற்றை வெளியே எடுக்கச் சொல்லி பியாட்டோ வற்புறுத்தினார் என்றும் அன்று லக்னோவில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கேம்ப்பெல் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். எல்லா வரலாற்றாளர்களும் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் படத்தைப் பார்த்தால் அந்த எலும்புகள் கேமராவை நோக்கிக் கிடக்கும் விதம் மனத்தை விட்டுப் போகாது.

ஃபென்டனின் பள்ளத்தாக்கையும் பியாட்டோவின் முற்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். செத்தவர்கள் தங்கள் ஆட்களாக இருந்த நிலத்தில் உடல் ஒன்றுகூடக் காட்டப்படவில்லை. இரும்புக் குண்டுகள் அவர்களுக்காக நின்றன. செத்தவர்கள் எதிராளியாக, பிற நிறத்தவராக இருந்த நிலத்தில் எலும்பே காட்சிப்பொருள் ஆனது. நகர்த்தினார்களா இல்லையா என்பதைவிட, எதை நகர்த்தலாம் என்று நினைத்தார்கள் என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. அந்த 2,000 பேரில் ஒருவர் பெயரும் படத்தோடு வரவில்லை. அவர்களைக் கொன்ற படைப்பிரிவுகளின் பெயர்தான் தலைப்பில் வந்தது.

1863 ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு ஓர் இளம் வீரனின் உடலைச் சில பத்து கஜம் தூக்கிச் சென்று, பாறைகளுக்கு நடுவே கிடத்தி, பக்கத்தில் ஒரு துப்பாக்கியைச் சாத்தி, மறைந்திருந்து சுடும் வீரன் என்று தலைப்பு கொடுத்தது. மாதங்கள் கழித்துத் திரும்பிப் போனபோது எலும்புக்கூடு அதே இடத்தில் கிடந்தது என்று கார்ட்னர் பிறகு கதையும் எழுதினார். 1975இல் வில்லியம் ஃபிரசனிட்டோ அதை உடைத்தார். அவருக்கும் துணை நின்றது பாறைகள்தான். படங்களில் தெரியும் பாறைகளின் உருவத்தைப் பிடித்துக்கொண்டு களம் முழுக்க நடந்து, ஒவ்வொரு படமும் எடுத்த இடத்தைக் கண்டுபிடித்தார். ஒரே உடல் இரண்டு இடங்களில் இருப்பது அப்போது வெளிப்பட்டது.

பெயரும் நினைவும்

மரண இருளின் பள்ளத்தாக்கு: ஃபென்டன் எடுத்த, குண்டுமழை ஓயாத அந்த இடத்துக்கு வீரர்களே வைத்த பெயர் அது. 23ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது மரணத்தின் நிழல் விழும் பள்ளத்தாக்கு. தமிழ் வேதாகமம் அதை 'மரண இருளின் பள்ளத்தாக்கு' என்கிறது: 'நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்.' நிழல் என்றால் அதை வீசும் ஏதோ ஒன்று பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம். படத்தில் அந்த ஒன்று இல்லை. பீரங்கியும் இல்லை, சுட்டவனும் இல்லை.

1855 செப்டம்பரில் லண்டனில் ஃபென்டனின் கண்காட்சி திறந்தபோது 312 படங்கள் சுவரில் இருந்தன. பார்க்க வந்தவர்களின் மனத்தில் இன்னொரு பள்ளத்தாக்கும் இருந்தது. முந்தைய அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் குதிரைப்படை ஒன்று நேராகப் பீரங்கிகளின் வாய்க்குள் பாய்ந்து அழிந்த இடம் அது. ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கவிதை அதை 'மரணப் பள்ளத்தாக்கு' என்று எல்லோர் வாயிலும் ஏற்றிவிட்டிருந்தது. இரண்டும் சில மைல் இடைவெளியில் இருக்கும் வேறு வேறு இடங்கள். இன்றுவரை பலர் ஃபென்டனின் படத்தைக் குதிரைப்படை அழிந்த இடம் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆளில்லாத நிலம் அப்படித்தான், வந்து ஒட்டும் பெயரை மறுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இதை உணர்ந்தே பிற்காலத்தில் சிலர் நிலத்தை எடுத்தார்கள். சோஃபி ரிஸ்டெல்ஹூபர் 1991இல், வளைகுடாப் போர் முடிந்து மாதங்கள் கழித்து, குவைத் பாலைவனத்தில் பதுங்குகுழிகளையும் சக்கரத் தடங்களையும் தழும்புகளாக எடுத்தார். வானிலிருந்தும் தரையிலிருந்தும் 71 படங்கள். பெல்ஃபாஸ்ட்காரரான பால் சீரைட் 2002இல் லண்டன் போர் அருங்காட்சியகத்துக்காக ஆப்கானிஸ்தான் போய், வறண்ட பள்ளத்தாக்கொன்றில் சிதறிக் கிடந்த வெற்றுக் குண்டு உறைகளை எடுத்தார். ஃபென்டனை அறிந்தவருக்கு அதைப் பார்த்ததும் புரியும். எனக்கு மிகவும் பிடித்தது க்ளோயி டூ மேத்யூஸ் செய்தது. முதல் உலகப்போரில் கோழைகள், ஓடிப்போனவர்கள் என்று சொந்தப் படையே சுட்டுக்கொன்ற வீரர்களின் இடங்களை அவர் தேடினார். தண்டனை நிறைவேறிய அதே பருவத்தில், அதே அதிகாலை வேளையில் போய் நின்று எடுத்தார். படத்தில் இருப்பது ஒரு வயல், ஒரு மதில், ஒரு பள்ளி முற்றம். கூடவே பெயர், நாள், நேரம். அவர் எதையும் நகர்த்தவில்லை. நகர்த்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, இறந்தவரின் பெயரை மட்டும் அந்த நிலத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு படங்கள் ஏன் வேண்டும்

ஃபென்டன் ஒரே ஒரு தகட்டை மட்டும் வைத்திருந்தால் இந்த ஆய்வே இல்லை. சாலையில் குண்டுகள் இருந்தன என்றே எழுதிவிட்டுப் போயிருப்போம். பலம் குறைந்த படத்தையும் அவர் அழிக்காமல் விட்டதால்தான், 150 ஆண்டுகள் கழித்து ஒருவர் அவரையே கேள்வி கேட்க முடிந்தது. ஏமாற்ற நினைத்தவர் அதை உடைத்திருப்பார் என்று அவருக்காகப் பரிந்து பேசவும் அந்தத் தகடேதான் இடம் கொடுக்கிறது.

இந்த வழிமுறை நம் காலத்தில் உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் வேலை செய்கிறது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் பகுதிக்குள் பத்திரிகையாளர்கள் சுதந்திரமாகப் போக முடியவில்லை. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் மே 6, மே 10 ஆகிய நாட்களில் எடுத்த வணிகச் செயற்கைக்கோள் படங்களை அடுத்தடுத்து வைத்து ஆராய்ந்தது. முந்தைய படத்தில் கூடாரங்கள் நெருக்கியடித்திருந்த இடங்கள் அடுத்ததில் பெருமளவு வெறுமையாகியிருந்தன. மண்ணில் குழிகள் தெரிந்தன. மேலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு நிலக்காட்சிதான், ஆளில்லாமல், வானமில்லாமல். இங்கே வரிசைக்குச் சண்டை இல்லை, தேதி கூடவே இருக்கிறது. ஆனால் அந்தக் கூடாரங்களில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று படம் சொல்லாது. அதைச் சொல்ல அங்கிருந்து வந்தவர்களின் வாய் வேண்டும். நிலத்தின் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நினைவு முழுதும் நம்மிடம் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். அதைப் போலவே, சாட்சிகளின் வாயை அடைக்க நினைப்பவர்கள் முதலில் நிலத்தைச் சமன் செய்வதும் இதனால்தான்.

எனவே போர் நடந்த நிலத்தை இன்று எடுப்பவர்களிடம் என் வேண்டுகோள்கள் மிகச் சாதாரணமானவை. நல்ல படத்தைத் தேர்ந்தபின் மற்றவற்றை அழிக்காதீர்கள். மூலக் கோப்பை வெட்டாமல் வையுங்கள். ஓரத்தில் இருக்கும் கல்லும் புல்லும் நாளைக்கு யாருக்கோ வேண்டும். எங்கே நின்றீர்கள், எந்தத் திசை, எத்தனை மணி என்று எழுதி வையுங்கள். எதையாவது தொட்டு நகர்த்தியிருந்தால் அதையும் எழுதுங்கள். அப்புறம், முடிந்தால், அதே இடத்துக்கு இன்னொரு முறை போங்கள்.

ஃபென்டன் 1862இல் புகைப்படத்தை முழுக்க விட்டுவிட்டார். கருவிகளை விற்றுவிட்டுச் சட்டத் தொழிலுக்குத் திரும்பி, 1869இல் இறந்தார். பள்ளத்தாக்கின் குண்டுகளைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருடைய கடிதத்தில் மட்டும் ஒரு வரி இருக்கிறது. கேமராவை மட்டம் பார்க்கும்போது மேட்டிலிருந்து உருண்டு வந்து காலடியில் நின்றதே, அந்தக் குண்டு. அதை எடுத்து வேனில் போட்டுக்கொண்டதாகவும், வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுவர நினைப்பதாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளத்தாக்கில் ஃபென்டனின் கை நகர்த்தியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய குண்டு அந்த ஒன்றுதான். அது இரண்டு படத்திலும் இல்லை.